அமெரிக்கத் தொடக்கப்பள்ளிச் சமூக அறிவியலைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எப்படி: பூர்வகுடிகள், குடியேற்றம், அரசாங்கம் குறித்த முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல் பாடம் பெரும்பாலும் மூன்று பகுதிகளைச் சுற்றியே அமைகிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கு வாழ்ந்த மக்களின் பண்பாடுகள் ஒன்று. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வரலாறு இன்னொன்று. நாட்டின் அரசாங்கம் இயங்கும் முறை மூன்றாவது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அங்கே சென்ற பெற்றோருக்குக் கணக்குச் சொல்லித்தருவதில் சிரமம் இருப்பதில்லை. இந்தப் பாடத்தை அவர்கள் படித்ததே இல்லை என்பதால், பிள்ளை கேட்கும் எளிய கேள்விக்குக்கூட விடை தேட வேண்டியிருக்கிறது.

பாடநூல்கள் இம்மூன்று பகுதிகளையும் தனித்தனிப் பட்டியல்களாகத் தந்துவிடுகின்றன: வீடுகளின் பெயர்கள், கப்பல்களின் பெயர்கள், அரசின் மூன்று கிளைகள். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகிறது. ஒரே கேள்வியை மூன்று பகுதிகளிலும் கேட்டுக்கொண்டே சென்றால் அவை தாமாகவே இணைந்துவிடும் என்பது என் கருத்து. இந்த இடத்தில் யார் முடிவெடுத்தார்கள், அந்த முடிவில் யாருக்குப் பங்கு இல்லாமல் போனது என்பதே அக்கேள்வி. எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது புரியும். கீழே உள்ள படிகள் அதை மையமாகக் கொண்டே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

முதல் படி: பள்ளி எதைக் கேட்கிறது என்று பாருங்கள்

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் பொதுவான பாடத்திட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கான பாடத் தரங்களைத் தானே வகுத்துக்கொள்கிறது. கலிபோர்னியாவில் நான்காம் வகுப்பு மாநில வரலாற்றுக்கும் ஐந்தாம் வகுப்பு நாட்டின் தொடக்க வரலாற்றுக்கும் உரியவை. டெக்சாஸிலும் நான்காம் வகுப்பில் மாநில வரலாறுதான். நியூயார்க்கில் நான்காம் வகுப்புப் பிள்ளை தன் மாநிலத்தின் பூர்வகுடிகளைப் பற்றி விரிவாகப் படிக்கிறது. ஆகவே நியூஜெர்சியில் இருக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு டெக்சாஸின் டாலஸில் சொல்லிக்கொடுப்பதால் பெரிய பயன் இராது. உங்கள் மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் வகுப்புவாரியாகத் தரங்கள் வெளியிடப்பட்டிருக்கும். ஒரு மாலை நேரத்தில் அதைப் படித்து முடித்துவிடலாம்.

இரண்டாம் படி: நிலத்திலிருந்து தொடங்குங்கள்

ஊர்களும் மாநில எல்லைகளும் குறிக்கப்படாத, மலைகளும் ஆறுகளும் மட்டும் உள்ள வட அமெரிக்க வரைபடம் ஒன்றை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து பகுதிகளைப் பிள்ளையையே வண்ணமிடச் சொல்லுங்கள்: வடக்கே உறைபனி நிலமான ஆர்க்டிக், மழை மிகுந்த வடமேற்குக் கடற்கரை, வறண்ட தென்மேற்கு, புல் விரிந்த பெருஞ்சமவெளி, கிழக்கே அடர்ந்த காடுகள். அறிஞர்கள் இதைவிட நுட்பமாகப் பிரிப்பதுண்டு. தொடக்கநிலைக்கு ஐந்து போதும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும்? உண்ண என்ன கிடைக்கும்? வீடு கட்ட என்ன பொருள் இருக்கிறது? ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் வாழ முடியுமா? விடைகளைப் புத்தகத்தில் தேடுவதற்கு முன் பிள்ளை ஊகித்துச் சொல்ல வேண்டும்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் அந்நிலத்து மக்களின் தொழிலையும் உணவையும் சேர்த்தே எண்ணிப் பழகிய நமக்கு இந்த அணுகுமுறை புதிதல்ல. ஆனால் நிலமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று பிள்ளை முடிவுகட்டிவிடக் கூடாது. வறண்ட தென்மேற்கில் புவெப்லோ மக்கள் நிலையான ஊர்களில் மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்தனர். அதே நிலப்பகுதிக்குப் பின்னாளில் வடக்கிலிருந்து வந்த நவஹோ மக்களின் வாழ்க்கை வேறாக இருந்தது, ஸ்பானியர் கொண்டுவந்த ஆடுகளைப் பெற்ற பிறகு அவர்கள் மேய்ச்சலிலும் நெசவிலும் பெயர்பெற்றனர்.

இம்மக்கள் எப்போது வந்தார்கள் என்ற கேள்வியும் இங்கே எழும். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்திருந்த நிலத்தின் வழியாக மனிதர்கள் வந்தனர் என்பது பாடநூல்களின் விளக்கம். அது சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸில் கிடைத்த மனிதக் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழையவை என்று 2021இல் வெளியான ஆய்வு கூறியது. பிள்ளையின் புத்தகம் பழையதாக இருந்தால் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுங்கள். தாங்கள் அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள் என்று கூறும் மரபுக்கதைகள் பல பூர்வகுடி இனங்களிடம் உண்டு. அவற்றையும் மதிப்புடன் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: சில சமூகங்களை ஆழமாகப் பாருங்கள்

பத்து இனங்களைப் பற்றி இரண்டு வரிகள் தெரிந்திருப்பதைவிட மூன்று இனங்களைப் பற்றி முழுமையாகத் தெரிந்திருப்பது மேல். உங்கள் மாநிலத்தைச் சேர்ந்த ஓர் இனத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதனுடன் கீழ்க்காண்பவற்றில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்றைய கொலராடோவின் மேசா வெர்டேயில், செங்குத்தான பாறைச் சரிவின் குடைவுகளுக்குள் புவெப்லோ மக்களின் முன்னோர் கல்வீடுகளைக் கட்டினர். அவற்றுள் பெரியதான கிளிஃப் பேலஸில் சுமார் 150 அறைகள் உள்ளன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடும் வறட்சி வந்தது. 1300க்குள் மக்கள் தெற்கு நோக்கிச் சென்றுவிட்டனர். அவர்கள் மாயமாக மறைந்துவிட்டதாகச் சில பழைய புத்தகங்கள் எழுதுகின்றன. அது தவறு, அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் வாழ்கிறார்கள்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில், இன்றைய செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிர்ப்புறம், கஹோக்கியா என்னும் பெருநகரம் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் செழித்திருந்தது. கூடைகூடையாக மண்ணைச் சுமந்துவந்து கொட்டி எழுப்பிய அதன் பெரிய மேடு சுமார் 30 மீட்டர் உயரம் கொண்டது. பூர்வகுடிகள் எல்லாரும் கூடாரங்களில் வாழ்ந்த வேட்டைக்காரர்கள் என்ற எண்ணத்தை உடைக்க இந்த ஒரு நகரமே போதும்.

அரசாங்கப் பாடத்தோடு நேரடித் தொடர்பு உடையது ஹோடெனஷோனி கூட்டமைப்பு. பாடநூல்களில் இரோகுவாய் என்ற பெயரிலும் இது வரும். இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் வாழ்ந்த மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனகா ஆகிய ஐந்து இனங்கள், தமக்குள் நடந்த ஓயாத போர்களை நிறுத்திவிட்டு ஒரு பொதுச் சட்டத்தின் கீழ் இணைந்தன. 1722 வாக்கில் டஸ்கரோரா இனம் ஆறாவதாகச் சேர்ந்தது. ஒவ்வோர் இனமும் தன் உள்விவகாரங்களைத் தானே பார்த்துக்கொண்டது. பொது விவகாரங்களைத் தலைவர்களின் பேரவை கூடிப் பேசி முடிவுசெய்தது. அத்தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், தவறு செய்தால் பதவியிலிருந்து இறக்கும் உரிமையும் குலத்தாய்மாரிடம் இருந்தன. பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீண்ட மரவீடுகளும், மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே மண்மேட்டில் பயிரிடும் முறையும் அவர்களுக்கு உரியவை. சோளத் தண்டில் அவரைக் கொடி ஏறும். அவரை மண்ணுக்கு வளம் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். தொட்டியில் இம்மூன்றையும் நட்டுப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலையாக இருக்கும்.

கூட்டாட்சி என்ற எண்ணத்தை அமெரிக்கத் தலைவர்கள் இவர்களிடமிருந்தே பெற்றார்கள் என்று சிலர் கூறுவதுண்டு. 1744இல் ஒனொன்டாகா பேச்சாளரான கனசடெகோ, தங்களைப் போல ஒன்றுபட்டிருக்குமாறு ஆங்கிலேயக் குடியேற்றங்களுக்கு அறிவுரை கூறியதும், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அக்கூட்டமைப்பைக் கவனித்து எழுதியதும் உண்மை. அரசமைப்பின் மீது அதன் தாக்கம் எவ்வளவு என்பதில் வரலாற்று ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிள்ளையிடம் இரண்டையும் சொல்லிவிடுவதே நேர்மை.

சமவெளி மக்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தியை மறந்துவிட வேண்டாம். குதிரை மேல் அமர்ந்து காட்டெருமையைத் துரத்தும் காட்சி மிகப் பழங்காலத்தது அல்ல. குதிரைகளைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். அதற்கு முன் சுமைகளை நாய்களே இழுத்தன.

நான்காம் படி: சந்திப்பையும் அதன் விளைவுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்

1492, 1607, 1619, 1620 ஆகிய நான்கு ஆண்டுகளை ஒரு காலக்கோட்டில் எழுதச் சொல்லுங்கள். கொலம்பஸ் கரீபியத் தீவுகளை அடைந்தது, வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறியது, அதே வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் அடிமைப்படுத்தப்பட்டுக் கொண்டுவரப்பட்டது, மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள் வந்தது என்பன அவை. மூன்றாவதைச் சில வீட்டுப்பாடத் தாள்கள் விட்டுவிடுகின்றன, நீங்கள் விடாதீர்கள். பெரியம்மை போன்ற நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத பூர்வகுடிகள் பெருந்தொகையில் மடிந்தனர் என்பதையும் பிள்ளைக்கு ஏற்ற சொற்களில் சொல்லலாம். 1830இல் நிறைவேறிய சட்டத்தின்படி தென்கிழக்கு இனங்கள் மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தப்பட்டதும், 1838–39இல் நடந்த அந்தப் பயணத்தில் செரோக்கி மக்கள் ஆயிரக்கணக்கில் உயிரிழந்ததும் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்குரிய செய்திகள்.

இதன் மறுபக்கமாக, உலகம் முழுவதும் சென்ற பயிர்களைப் பற்றிச் சமையலறையிலேயே பாடம் நடத்தலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. மிளகாய் வருவதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர் என்று சொன்னால் பிள்ளை நம்ப மறுக்கக்கூடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பூர்வகுடிகளைப் பற்றி இறந்தகாலத்தில் மட்டும் பேசாதீர்கள். கூட்டாட்சி அரசால் அங்கீகரிக்கப்பட்ட 570க்கும் மேற்பட்ட பூர்வகுடி அரசுகள் இன்றும் இயங்குகின்றன. அவற்றுக்கெனச் சட்டங்களும் நீதிமன்றங்களும் தேர்தல்களும் உண்டு. பொதுப்பெயரால் சொல்லாமல் நவஹோ, செரோக்கி, வாம்பனோவாக் என்று இனத்தின் பெயரால் சொல்லப் பழக்குங்கள்.

ஐந்தாம் படி: குடியேற்றத்தை ஒரே கதையாக்கிவிடாதீர்கள்

வறுமையிலிருந்து தப்பிக் கப்பலேறி, சுதந்திர தேவியின் சிலையைக் கண்டு மகிழ்ந்து, உழைத்து முன்னேறியவர்களின் கதையைத்தான் தொடக்கப்பள்ளிகள் விரும்பிச் சொல்கின்றன. அது உண்மைதான், முழு உண்மை அல்ல. மக்கள் அமெரிக்கர்களான வழிகளை மூன்றாகப் பிரித்துக்காட்டுங்கள். தாமே விரும்பி வந்தவர்கள் முதல் வகை. 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் பஞ்சத்துக்கு அஞ்சி வந்த அயர்லாந்து மக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இரண்டாம் வகை. அவர்களைக் குடியேறியவர்கள் என்ற சொல்லுக்குள் அடக்குவது பொருந்தாது. மூன்றாம் வகையினர் இடம்பெயரவே இல்லை. 1848இல் அமெரிக்காவுடனான போர் முடிந்து மெக்சிகோ தன் வடபகுதியை இழந்தபோது, இன்றைய கலிபோர்னியாவிலும் நியூ மெக்சிகோவிலும் இருந்த மெக்சிகோ மக்கள் தம் வீட்டிலேயே இருந்தபடி வேறொரு நாட்டின் ஆட்சிக்குள் வந்தனர்.

அடுத்து இரண்டு தீவுகளை ஒப்பிடச் சொல்லுங்கள். நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவு 1892 முதல் 1954 வரை குடியேற்ற நிலையமாக இருந்தது. 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியே வந்தனர். பெரும்பாலும் ஐரோப்பியரான அவர்களில் மிகப் பலர் மருத்துவச் சோதனையும் கேள்விகளும் முடிந்து சில மணி நேரத்தில் வெளியேறினர். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர்தான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவு 1910 முதல் 1940 வரை இயங்கியது. அங்கே ஆசியர்கள், குறிப்பாகச் சீனர்கள், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்துவைக்கப்பட்டனர். ஊரில் வீட்டுக்கு எத்தனை படிகள், கிணறு எந்தத் திசையில் என்றெல்லாம் அவர்களைத் துருவிக் கேட்டனர். அவர்கள் மரச்சுவர்களில் செதுக்கிய கவிதைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

இந்த வேறுபாடு ஏன் என்று பிள்ளை கேட்கும். விடை சட்டங்களில் இருக்கிறது. 1882இல் சீனத் தொழிலாளர் வருகை தடைசெய்யப்பட்டது. 1917இல் அத்தடை இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதிக்கு விரிந்தது. 1924இல் ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேர் என்று அளவு வகுக்கப்பட்டது. 1946இல் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் வாய்ப்பும், ஆண்டுக்கு 100 பேர் வரும் அனுமதியும் கிடைத்தன. 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில், அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் பிறந்த நாட்டை வைத்து அளவிடும் பழைய முறையை ஒழித்து, உறவுக்கும் தொழில்திறனுக்கும் முதலிடம் தந்தது. அமெரிக்காவில் இன்றிருக்கும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் கதை இந்தச் சட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் குடும்பத்தின் வருகையையும் இதே காலக்கோட்டில் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: அதே சட்டங்களைக் கொண்டு அரசாங்கத்தை விளக்குங்கள்

அரசின் மூன்று கிளைகளையும் புதிய எடுத்துக்காட்டுகளால் விளக்க வேண்டியதில்லை. சட்டம் இயற்றுவது செனட், பிரதிநிதிகள் சபை என்னும் இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றமான காங்கிரஸ்: 1924ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பிறந்தது. அதிபருக்கு மறுக்கும் அதிகாரம் உண்டு: 1952இல் வந்த குடியேற்றச் சட்டத்தை ஹாரி ட்ரூமன் மறுத்துத் திருப்பி அனுப்பினார். ஆனால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் அந்த மறுப்பை மீற முடியும். அந்தச் சட்டம் அவ்வாறே நிறைவேறியது. சட்டத்துக்குப் பொருள் கூறுவது நீதிமன்றம்: சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனாவுக்குச் சென்று திரும்பியபோது நாட்டுக்குள் விடப்படவில்லை, அவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகனே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதே நீதிமன்றம்தான் 1923இல் பகத் சிங் திந்த் என்ற இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று கூறியது. வெள்ளையர் என்ற வரையறைக்குள் அவர் வரமாட்டார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அடிப்படை எண்களைப் பிள்ளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். செனட்டில் மாநிலத்துக்கு 2 பேர் வீதம் 100 பேர், பதவிக்காலம் 6 ஆண்டுகள். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கு ஏற்ப 435 பேர், 2 ஆண்டுகள். அதிபருக்கு 4 ஆண்டுகள், இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள்.

இங்கே பெற்றோரின் பழைய படிப்பே இடைஞ்சலாகிவிடும். இந்தியப் பிரதமர் மக்களவையின் நம்பிக்கையை இழந்தால் பதவி இழப்பார். அமெரிக்க அதிபர் காங்கிரஸின் உறுப்பினரே அல்லர், நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அங்கே கிடையாது. அவரை நீக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்ட வேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஏற்க வேண்டும். இந்தியாவில் ஆளுநர் நியமிக்கப்படுகிறார். அங்கே மாநில மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடங்கள், தமிழ்நாட்டுக்கு 18. அமெரிக்காவிலோ சுமார் 4 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் 6 லட்சத்தை எட்டாத வயோமிங்கிற்கும் செனட்டில் ஒரே எண்ணிக்கைதான். இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெறுகிறார்; அங்கே பதவி வாழ்நாள் முழுமைக்கும். இலங்கையிலிருந்து சென்றவர்களுக்கு நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பழக்கமானவர் என்றாலும், இலங்கையில் அமைச்சர்கள் பாராளுமன்றத்திலிருந்தே வருகிறார்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினர் அமைச்சராக வேண்டுமென்றால் தன் இடத்தை விட்டுவிட வேண்டும்.

கூட்டாட்சி, மாநிலம், உள்ளூர் என்னும் மூன்று நிலைகளைக் கற்பிக்க வீட்டில் உள்ள தாள்களே போதும். அமெரிக்கக் கடவுச்சீட்டு கூட்டாட்சி அரசு தந்தது. ஓட்டுநர் உரிமம் மாநிலம் தந்தது. நூலக அட்டை நகராட்சியோ, மாவட்டம் போன்ற கவுண்டியோ தந்ததாக இருக்கும். மூன்றையும் மேசையில் பரப்பி யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்ததாக 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அரசமைப்பின் தொடக்கத்தில் வரும் ‘மக்களாகிய நாம்’ என்பதைப் படியுங்கள். அன்று அந்த மக்களுள் யார் எண்ணப்பட்டார்கள்? பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பகிரும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டார்கள். 1790இன் சட்டம் வெளியிலிருந்து வரும் சுதந்திரமான வெள்ளையருக்கே குடியுரிமை என்றது. 1868இல் வந்த 14ஆம் திருத்தம் அந்நாட்டில் பிறந்தவர்களை, பூர்வகுடிகள் பலர் நீங்கலாக, குடிமக்களாக்கியது; 1870இல் 15ஆம் திருத்தம் இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது, ஆனாலும் தென்மாநிலங்களில் 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரும் வரை அது பெருமளவு ஏட்டளவில்தான் இருந்தது. பெண்களுக்கு 1920. அந்த மண்ணின் பூர்வகுடிகள் அனைவரும் குடிமக்களாக ஏற்கப்பட்டது 1924இல்தான். இந்த வரிசையைப் பிள்ளை தன் காலக்கோட்டில் குறித்ததும், மூன்று பாடங்களும் ஒரே தாளில் வந்து நிற்பதைக் காணும்.

ஏழாம் படி: சோதித்துப் பாருங்கள், பிறகு நேரில் அழைத்துச் செல்லுங்கள்

ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள். ஏன் என்று தொடங்கும் கேள்விகளைக் கேளுங்கள். மேசா வெர்டேயை விட்டு மக்கள் ஏன் சென்றிருக்கலாம்? எல்லிஸ் தீவில் இறங்கியவருக்கும் ஏஞ்சல் தீவில் இறங்கியவருக்கும் ஏன் வேறுவேறு வரவேற்பு? வயோமிங்கிற்கு ஏன் 2 செனட்டர்கள்? ஒரு காரணத்தையும் அதற்கான ஒரு சான்றையும் பிள்ளை சொன்னால் போதும்; வாக்கியம் தட்டுத்தடுமாறி வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்களில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்கப் பூர்வகுடிகள் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நியூயார்க்கிலும் அதன் கிளை ஒன்று உண்டு. நான்காம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்குத் தேசியப் பூங்காக்களில் குடும்பத்தோடு இலவசமாக நுழைவதற்கான அனுமதிச் சீட்டை அமெரிக்க அரசு தருகிறது. இணையத்தில் பதிந்து பெறும் அச்சீட்டு செப்டம்பர் தொடங்கி அடுத்த ஆகஸ்ட் வரை செல்லும் என்பதால், பள்ளி திறந்த உடனேயே வாங்கிவிடுவது நல்லது. மேசா வெர்டேயில் அது செல்லும்; ஆனால் கிளிஃப் பேலஸுக்குள் இறங்க வேண்டுமானால் பூங்கா அலுவலர் அழைத்துச் செல்லும் சுற்றுக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும், குளிர்காலத்தில் அது நடைபெறாது. எல்லிஸ் தீவுக்குப் படகுக் கட்டணம் தனி. சுதந்திர தேவி சிலைக்கும் அதே சீட்டு என்பதால் காலை முதல் படகிலேயே கிளம்பினால் இரண்டு தீவுகளையும் அவசரமின்றிப் பார்க்கலாம்.